ஒன்பது வோல்ட்டில் ஒரு காவல் மணி: கடைக்காரர்களுக்கு ஓர் எளிய மின்னணுப் பொழுதுபோக்கு



விடியற்காலையில் கடை திறந்து இரவு பத்து மணிக்கு ஷட்டரை இறக்கும் நமக்கு எலக்ட்ரானிக்ஸ் எதற்கு என்று உங்களில் சிலர் கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை நானும் அப்படிக் கேட்டவன்தான். கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் தம்பி மகன் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றைப் பிரித்துத் திண்ணை முழுவதும் பரப்பி வைத்திருந்தான். "படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கடா?" என்று கடிந்துகொண்டேன். அவன் தலையைத் தூக்காமலே, "பெரியப்பா, நம்ம கிடங்குக் கதவுக்கு ஒரு மணி செஞ்சு தரட்டுமா?" என்றான்.

அந்தக் கேள்வி என் வாயை அடைத்துவிட்டது. காரணம், அதற்கு முந்தைய மாதம்தான் கிடங்கின் பின் கதவு வழியாக நல்லெண்ணெய் டின்கள் இரண்டு காணாமல் போயிருந்தன. பதினைந்து கிலோ டின்கள். எப்போது போயின, எப்படிப் போயின என்பது இன்றுவரை தெரியாது.

அந்த விடுமுறையில் இருவரும் சேர்ந்து ஒரு மணி செய்தோம். முதலில் செய்தது எங்களைக் கைவிட்டது. இரண்டாவது முறை செய்தது இன்றும் வேலை செய்கிறது. ஏன் முதலாவது கைவிட்டது என்பதுதான் எனக்குக் கிடைத்த நல்ல பாடம். அதையும், ஒலி எழுப்பும் சிறு கருவியைத் தொடக்கநிலையில் இருப்பவர் எப்படிச் செய்யலாம் என்பதையும் இங்கே எழுதுகிறேன். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். அது நம்மில் யாருக்குத் தெரியாது?

ஒலி எப்படி உண்டாகிறது?

தட்டினால் அதிரும் எந்தப் பொருளும் காற்றையும் அதிரச் செய்கிறது. அந்த அதிர்வு காதுக்கு வந்து சேர்வதே ஒலி. ஒரு விநாடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்ற அளவால் சொல்வார்கள். மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற மேல் எல்லை குறைந்துகொண்டே வரும். அதிர்வு எண்ணிக்கை குறைந்தால் சுருதி தாழ்ந்து கட்டைக் குரலாகவும், கூடினால் உயர்ந்து கீச்சுக் குரலாகவும் ஒலிக்கும். நம் காது மிக எளிதாகப் பிடித்துக்கொள்வது சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான். எச்சரிக்கை பஸ்ஸர்களில் பல அந்த அளவில் கீச்சிடுவதற்கு இதுவே காரணம்.

ஸ்பீக்கரில் உள்ள காகிதக் கூம்புக்குப் பின்னால் ஒரு கம்பிச்சுருளும் ஒரு காந்தமும் உண்டு. மின்சாரம் பாய்ந்தால் கூம்பு நகரும், நின்றால் பழைய இடத்துக்கு வரும். ஆகவே, ஒரு விநாடிக்கு ஐந்நூறு முறை மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுத்தால் ஐந்நூறு ஹெர்ட்ஸ் ஒலி பிறக்கும். அத்தனை வேகமாக சுவிட்ச் போட மனிதக் கையால் ஆகாது. அதைச் செய்ய ஒரு வேலையாள் வேண்டும். அந்த வேலையாள்தான் 555 என்னும் ஐ.சி.

ஐம்பது ஆண்டு தாண்டிய சரக்கு

சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஹான்ஸ் காமென்சிந்த் என்பவர் 1971ஆம் ஆண்டு இந்த ஐ.சி.யை வடிவமைத்தார். அவர் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்தின் வேலையை விட்டு விலகி, அதே நிறுவனத்துக்கு ஒப்பந்த முறையில் வேலை செய்துகொண்டிருந்த காலம் அது. 1972இல் இது விற்பனைக்கு வந்தது.

இதில் நம்மைப் போன்றவர்கள் ரசிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. அவருடைய முதல் வடிவத்துக்கு ஒன்பது கால்கள் தேவைப்பட்டன. ஒன்பது கால் என்றால் பெரிய உறையில்தான் போட வேண்டும், விலையும் கூடும். அவர் மறுபடி யோசித்து, உள்ளே இருந்த ஒரு பகுதியை எளிமையாக்கி, எட்டுக் காலில் அடக்கிவிட்டார். சிறிய உறை, குறைந்த விலை. அதன்பின் உலகமெங்கும் பல நிறுவனங்கள் இதைச் செய்யத் தொடங்கின. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் இன்னும் விற்பனையில் இருக்கிறது. நம் கடையில் அரை நூற்றாண்டாக அலமாரியை விட்டு இறங்காத சரக்கு எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எண்ணெய் டின் கணக்கு

555 எப்படி வேலை செய்கிறது என்பதை எண்ணெய் டின்னை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

ஒரு காலி டின்னை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு குழாய் வழியாக எண்ணெய் வந்து விழுகிறது. டின்னின் உட்புறம் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஒரு கோடும், மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் இன்னொரு கோடும் போட்டிருக்கிறோம். பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிறார். எண்ணெய் மேல் கோட்டைத் தொட்டதும் அடியில் உள்ள குழாயைத் திறந்துவிடுகிறார். எண்ணெய் வடிந்து கீழ்க் கோட்டுக்கு வந்ததும் அடிக்குழாயை மூடுகிறார். மறுபடி நிறைகிறது, மறுபடி வடிகிறது. இது ஓயாமல் நடக்கிறது.

இதில் டின் என்பது கபாசிட்டர். குழாயின் அகலத்தைக் கட்டுப்படுத்துவது ரெசிஸ்டர் எனப்படும் மின்தடை. இரண்டு கோடுகளையும் பார்த்துக்கொண்டு திறந்து மூடும் ஆள்தான் 555. அது டின் நிறையும்போது தன் மூன்றாம் காலில் மின்சாரத்தைக் கொடுக்கிறது, வடியும்போது நிறுத்திவிடுகிறது. அந்த மூன்றாம் காலில்தான் ஸ்பீக்கரை இணைக்கிறோம்.

டின் பெரிதானால் நிறைய நேரமாகும். குழாய் குறுகலானாலும் நேரமாகும். அதாவது கபாசிட்டரோ ரெசிஸ்டரோ பெரிதானால் சுருதி இறங்கும், சிறிதானால் ஏறும்.

இன்னொரு வசதியும் உண்டு. அந்த இரண்டு கோடுகளும் பேட்டரியின் வோல்ட் அளவில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்றே அமைந்திருப்பதால், பேட்டரி சற்றுத் தளர்ந்தாலும் கோடுகளும் சேர்ந்தே இறங்கும். ஆகவே சத்தம் குறையுமே தவிர, சுருதி அதிகம் மாறாது.

வாங்க வேண்டியவை

என்.இ.555 ஐ.சி. ஒன்று. பிரெட்போர்டு ஒன்று. 9 வோல்ட் பேட்டரியும் அதற்குரிய கம்பியோடு கூடிய மூடியும். 8 ஓம் சிறு ஸ்பீக்கர் ஒன்று, பழைய ரேடியோவில் கழற்றியதாக இருந்தாலும் சரி. ரெசிஸ்டர்கள்: 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம், 100 ஓம் ஒவ்வொன்று. கபாசிட்டர்கள்: 0.1 மைக்ரோஃபாரட், 0.01 மைக்ரோஃபாரட், 10 மைக்ரோஃபாரட் ஒவ்வொன்று. இணைப்புக்குக் கொஞ்சம் ஒற்றைக் கம்பி.

சென்னைவாசிகளுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. மற்ற ஊர்களில் ரேடியோ, டி.வி. உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். ஸ்பீக்கர், பேட்டரி, பிரெட்போர்டு நீங்கலாக மற்றவை எல்லாம் சில்லறைக் காசுச் சரக்குதான். ஒரு பொருளைப் போட்டுக் கெடுத்துவிட்டாலும் மனம் நோகாது. தொடக்கநிலையில் இருப்பவருக்கு இது பெரிய தைரியம்.

பிரெட்போர்டு என்பது துளைகள் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் பலகை. பற்றவைக்க வேண்டாம், கம்பியைத் துளையில் செருகினால் போதும். நடுவில் ஒரு பள்ளம் ஓடும். பள்ளத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கு வரிசையில் உள்ள ஐந்து துளைகளும் உள்ளுக்குள் ஒன்றோடொன்று இணைந்தவை. ஐ.சி.யைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, நான்கு கால்கள் ஒரு பக்கமும் நான்கு மறுபக்கமுமாகச் செருக வேண்டும்.

ரெசிஸ்டரின் அளவு வண்ண வளையங்களில் எழுதப்பட்டிருக்கும். கருப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. நான்கு வளைய ரெசிஸ்டரில் முதல் இரண்டு வளையங்கள் எண்கள். மூன்றாவது, அதன்பின் எத்தனை சைபர் என்பது. பழுப்பு, கருப்பு, பழுப்பு என்றால் 100 ஓம். பழுப்பு, கருப்பு, சிவப்பு என்றால் 1,000. பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு என்றால் 10,000. மூன்றுக்கும் வித்தியாசம் அந்த ஒரு வளையம்தான். சிட்டையில் ஒரு சைபர் கூடினால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

சிறு கபாசிட்டர்களிலும் இதே முறைதான். 104 என்று எழுதியிருந்தால் 0.1 மைக்ரோஃபாரட், 103 என்றால் 0.01.

இணைக்கும் முறை

ஐ.சி.யின் ஒரு முனையில் ஒரு வெட்டு இருக்கும். வெட்டு உங்கள் இடது பக்கம் இருக்கும்படி வையுங்கள். கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 1, 2, 3, 4ஆம் கால்கள். மேல் வரிசையில் வலமிருந்து இடமாக 5, 6, 7, 8ஆம் கால்கள். அதாவது 1ஆம் காலுக்கு நேர் மேலே 8ஆம் கால்.

முதலாவது: பேட்டரியின் கருப்புக் கம்பி 1ஆம் காலுக்கு. சிவப்புக் கம்பிக்கு உரிய இடம் 8ஆம் கால். ஆனால் அதை இப்போது செருக வேண்டாம்.

இரண்டாவது: 4ஆம் காலையும் 8ஆம் காலையும் ஒரு கம்பியால் இணையுங்கள்.

மூன்றாவது: 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் 8க்கும் 7க்கும் இடையில். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் 7க்கும் 6க்கும் இடையில்.

நான்காவது: 6ஆம் காலிலிருந்து 2ஆம் காலுக்கு ஒரு கம்பி.

ஐந்தாவது: 0.1 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் 2க்கும் 1க்கும் இடையில். 0.01 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் 5க்கும் 1க்கும் இடையில்.

ஆறாவது: 3ஆம் காலிலிருந்து 100 ஓம் ரெசிஸ்டர். அதன் மறுமுனையில் 10 மைக்ரோஃபாரட் கபாசிட்டரின் பாசிட்டிவ் கால். அந்தக் கபாசிட்டரின் நெகட்டிவ் காலிலிருந்து ஸ்பீக்கர். ஸ்பீக்கரின் இன்னொரு முனை 1ஆம் காலுக்கு. இந்தக் கபாசிட்டரின் உடலில் நெகட்டிவ் பக்கம் ஒரு பட்டை போட்டிருக்கும்.

இப்போது நாள் முடிவில் கல்லாவைச் சரிபார்ப்பதுபோல ஒவ்வொரு இணைப்பையும் எழுதியதோடு ஒப்பிட்டு ஒரு டிக் போடுங்கள். எல்லாம் சரி என்றால் சிவப்புக் கம்பியை 8ஆம் காலில் செருகுங்கள். ஸ்பீக்கர் பீப்பி ஊதுவதுபோல் நீளமாக ஒலிக்கும்.

சத்தம் வராவிட்டாலும், ஐ.சி. சூடானாலும் உடனே பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்றுதான்: ஐ.சி.யைத் தலைகீழாகச் செருகியிருப்பது, கம்பி ஒரு துளை தள்ளிப் போயிருப்பது, 6க்கும் 2க்கும் இடையிலான கம்பியை மறந்திருப்பது. எங்களுக்கு முதல் நாள் நடந்தது இரண்டாவது.

சுருதியைக் கணக்கால் அறிதல்

1440 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். முதல் ரெசிஸ்டரோடு இரண்டாவது ரெசிஸ்டரின் இரு மடங்கைக் கூட்டுங்கள். இரண்டும் கிலோ ஓம் கணக்கில் இருக்க வேண்டும். வந்ததை மைக்ரோஃபாரட் கணக்கில் உள்ள கபாசிட்டரால் பெருக்குங்கள். அந்தத் தொகையால் 1440ஐ வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைக்கும்.

நம் சுற்றில் 1 கூட்டல் 20 ஆக 21. அதை 0.1ஆல் பெருக்கினால் 2.1. 1440ஐ 2.1ஆல் வகுத்தால் சுமார் 686 ஹெர்ட்ஸ். 10 கிலோ ஓமுக்குப் பதில் 22 போட்டால் 320. 47 போட்டால் சுமார் 152. முதல் ரெசிஸ்டர் 2.2, இரண்டாவது 15 என்று போட்டால் சுமார் 447. மேலை இசைக்கருவிகளுக்குச் சுருதி சேர்க்க உலகெங்கும் வைத்திருக்கும் அளவுகோல் 440 ஹெர்ட்ஸ். அதற்கு மிக அருகில் வந்துவிட்டோம். கணக்கில் வந்ததும் உண்மையில் ஒலிப்பதும் அச்சாக ஒன்றாக இராது. தங்க வளையம் உள்ள ரெசிஸ்டர் ஐந்து சதவீதம் முன்பின் இருக்கலாம், கபாசிட்டர் அதற்கும் கூடுதலாக மாறலாம்.

பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய சோதனை ஒன்று சொல்கிறேன். 2க்கும் 1க்கும் இடையில் உள்ள 0.1 கபாசிட்டரை எடுத்துவிட்டு 100 மைக்ரோஃபாரட் போடுங்கள். பட்டை போட்ட பக்கம் 1ஆம் காலுக்கு வரட்டும். இப்போது நீண்ட ஒலி மறைந்து, முக்கால் விநாடிக்கு ஒருமுறை டக், டக் என்று கேட்கும். கூம்பு வெளியே வரும்போது ஒரு டக், உள்ளே போகும்போது ஒரு டக். அதற்குப் பதில் 10 மைக்ரோஃபாரட் போட்டால் படபடவென்று அடிக்கும். 1 மைக்ரோஃபாரட் போட்டால் உறுமும். மறுபடி 0.1 போட்டால் பழைய சுருதி. தனித்தனி டக் டக்குகள் நெருங்கி வந்து ஒரே ஒலியாவதைக் கண்ணெதிரே காட்டும் இந்தச் சோதனையை என் தம்பி மகன் அன்று இருபது முறையாவது செய்திருப்பான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

10 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு எல்.டி.ஆர். எனப்படும் ஒளி உணரும் ரெசிஸ்டரைப் போட்டால் இன்னும் வேடிக்கை. வெளிச்சத்தில் கீச்சிடும், கையால் மறைத்தால் சுருதி இறங்கும், நல்ல இருட்டில் டக் டக் என்று ஆகிவிடும்.

நாங்கள் செய்த தவறு

இனி கிடங்குக் கதவுக்கு வருவோம். 555இன் 4ஆம் காலை நெகட்டிவோடு இணைத்தால் அது வாயை மூடிக்கொள்ளும். இதைப் பயன்படுத்திக் கதவின் குறுக்கே தலைமுடி போன்ற மெல்லிய செம்புக் கம்பி ஒன்றைக் கட்டினோம். கம்பியின் ஒரு முனை 4ஆம் காலில், மறுமுனை நெகட்டிவில். 4ஆம் காலிலிருந்து பாசிட்டிவுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். கம்பி முழுசாக இருக்கும்வரை மௌனம். கதவைத் திறந்தால் கம்பி அறுந்து மணி அலறும். பகலில் இரண்டு முறை சோதித்தோம். பிரமாதமாக வேலை செய்தது.

சனிக்கிழமை இரவு புதுப் பேட்டரி போட்டுவிட்டு வந்தோம். ஞாயிறு கடை விடுமுறை. திங்கள் காலை போய்ப் பார்த்தால் கிடங்கின் பின் கதவு ஒரு சாண் திறந்து கிடந்தது. கம்பியும் அறுந்து தொங்கியது. மணி மட்டும் அடிக்கவில்லை. பையன் பேட்டரியை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, செத்துப் போச்சு" என்றான்.

மூட்டைகளையும் டின்களையும் எண்ணினோம். எதுவும் குறையவில்லை. தாழ் சரியாக விழாமல் காற்றில் திறந்திருக்கலாம். ஆனால் அந்தக் கால் மணி நேரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மணி இருக்கிறது என்ற நம்பிக்கையில் அந்த இரண்டு இரவும் நிம்மதியாகத் தூங்கியிருந்தேன். மணி இல்லாதிருந்தால் ஞாயிறு மாலை ஒருமுறை போய்க் கதவை இழுத்துப் பார்த்திருப்பேன்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 555 சும்மா இருக்கும்போதும் சுமார் 6 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்கிறது. அது வாய் மூடியிருக்கும்போது 7ஆம் கால் உள்ளுக்குள் நெகட்டிவோடு சேர்ந்துவிடுவதால், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 9 மில்லி ஆம்பியர் வீணாக ஓடுகிறது. 4ஆம் கால் ரெசிஸ்டர் வழியாக இன்னும் ஏறத்தாழ 1. ஆக மொத்தம் 16. நல்ல அல்கலைன் 9 வோல்ட் பேட்டரியின் இருப்பு சுமார் 500 மில்லி ஆம்பியர் மணி. 500ஐ 16ஆல் வகுத்தால் 31 மணி நேரம். சனி இரவு பத்திலிருந்து எண்ணினால் திங்கள் விடியற்காலையில் இருப்பு தீர்ந்திருக்கும். அதற்கு முன்பே பேட்டரி தளர்ந்திருக்கும். வரவு பார்க்காமல் தினச் செலவை ஓடவிட்ட கடை போலத்தான்.

திருத்திய முறை

இரண்டாவது முறை 4ஆம் காலைப் பழையபடி 8ஆம் காலோடே இணைத்துவிட்டோம். பேட்டரியின் சிவப்புக் கம்பிக்கும் 8ஆம் காலுக்கும் நடுவில் ஒரு மைக்ரோ சுவிட்சைப் போட்டோம். இதற்கு மூன்று முனைகள் உண்டு. காமன், என்.சி. என்று எழுதிய இரண்டை மட்டும் பயன்படுத்த வேண்டும். கதவு மூடியிருக்கும்போது அது சுவிட்சின் நெம்புகோலை அழுத்திக்கொண்டிருக்கும், அப்போது இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கும். கதவு திறந்தால் நெம்புகோல் விடுபட்டு மின்சாரம் பாயும். கதவு மூடியிருக்கும்வரை பேட்டரியிலிருந்து செலவே இல்லை. பகலில் அணைத்து வைக்க, கிடங்கின் உள்ளே கண்ணில் படாத இடத்தில் ஒரு சாதாரண சுவிட்சையும் அதே வழியில் சேர்த்துக்கொண்டோம்.

இதைவிட முக்கியமானது, அன்றிலிருந்து வைத்துக்கொண்ட ஒரு பழக்கம். காலையில் சுவிட்சை அணைப்பதற்கு முன் பின் கதவை ஒருமுறை திறப்போம். மணி அடித்தால் இரவு முழுவதும் அது உயிரோடு இருந்தது என்று அர்த்தம். அடிக்காவிட்டால் அன்றே பேட்டரி மாறும். மௌனமாக இருக்கும் மணி, ஆபத்து இல்லாததால் மௌனமாக இருக்கிறதா, பேட்டரி தீர்ந்ததால் மௌனமாக இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. தினமும் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் வழி. கடையில் உள்ள தீயணைப்புக் கருவி, இன்வெர்ட்டர், கண்காணிப்புக் கேமரா எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இந்த முறையின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். யாராவது கம்பியை வெட்டிவிட்டால் இது அடிக்காது. ஆகவே கம்பியும் சுவிட்சும் கதவின் உட்புறமே இருக்க வேண்டும். கதவை மறுபடி மூடினால் சத்தம் நின்றுவிடும். மேலும் இந்தச் சிறு ஸ்பீக்கரின் ஒலி பக்கத்து அறைக்குக் கேட்கும், தெருவுக்குக் கேட்காது. உரத்த சத்தம் வேண்டுவோர் ஆயத்த சைரன் ஒன்றை வாங்கி, அதன் மேல் எழுதியுள்ள வோல்ட் அளவுக்கு ஏற்ற பேட்டரியோடு, அதே மைக்ரோ சுவிட்ச் வழியாக இணைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் பூட்டுக்கும் தாழ்ப்பாளுக்கும் காப்பீட்டுக்கும் இது மாற்று ஆகாது.

அறுபடும் கம்பி முறையையே விரும்புவோர் 7555 என்னும் ஐ.சி.யை வாங்கலாம். கால்கள் அதே வரிசை, மின்சாரச் செலவு மிகக் குறைவு. ரெசிஸ்டர்கள் மூன்றையும் 100 கிலோ ஓம் ஆக்கி, கபாசிட்டரை 0.01 ஆக்கினால் சுருதி 480 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கரையும் அதனோடு சேர்ந்த 100 ஓம் ரெசிஸ்டரையும் கபாசிட்டரையும் எடுத்துவிட்டு, 3க்கும் 1க்கும் இடையில் பியசோ தகடு ஒன்றைப் போடுங்கள். காத்திருக்கும்போது மொத்தச் செலவு 0.3 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். கணக்குப்படி இரண்டு மாதத்துக்கு மேல் வரும். ஆனாலும் மாதம் பிறந்ததும் பேட்டரியை மாற்றிவிடுவது நல்லது.

கவனிக்க வேண்டியவை

இந்த வேலைகள் அனைத்தும் பேட்டரியோடு நிற்க வேண்டும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட், உயிரைக் குடிக்கும். அதை இந்தச் சுற்றுகளோடு எந்த வகையிலும் சேர்க்கக் கூடாது.

பேட்டரியைத் தலைகீழாக இணைத்தால் ஐ.சி. போய்விடும். பட்டை போட்ட கபாசிட்டரைத் தலைகீழாக இணைத்தால் அது சூடேறி வெடிக்கவும் கூடும்.

9 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அதைக் கல்லாவில் சில்லறையோடும், பையில் சாவிக்கொத்தோடும் போடாதீர்கள். முனைகள் இணைந்தால் சுடும். பாத்திரம் தேய்க்கும் மெல்லிய இரும்பு நார் அதன் மேல் பட்டால் தீயே பிடித்துவிடும். நம் கடைகளில் இரண்டும் ஒரே தட்டில் அடுக்கியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். இன்றே பிரித்து வையுங்கள்.

பாட்டுப் பாடும் பொம்மைகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் உள்ள பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துவிடும். தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். விற்கும்போது வாங்குபவரிடம் ஒரு வார்த்தை சொல்வது நம் கடமை.

நிறைவாக ஒன்று. உங்கள் வீட்டிலும் டார்ச்சையும் ரேடியோவையும் பிரித்துப் போடும் பிள்ளை ஒன்று இருக்கலாம். அதட்டாதீர்கள். இந்தப் பட்டியலில் உள்ளதை வாங்கிக் கொடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்காருங்கள். கணக்கை நீங்கள் போடுங்கள், கம்பியை அவர்கள் செருகட்டும். என் தம்பி மகன் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தால் முதல் வேலையாகக் கிடங்குக்குப் போய்ப் பின் கதவைத் திறந்து பார்க்கிறான். மணி அடித்தபிறகுதான் என்னிடம் வந்து, "நல்லா இருக்கீங்களா பெரியப்பா?" என்று கேட்கிறான்.